வேறு முகவரியிலிருந்து

மார்ச் 4, செவ்வாய்

அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், என் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய பட்டாவை நகல் எடுக்க ஜமீலாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது. என் மகள் மோகனப்பிரியா பள்ளியில் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் பழகியது ஜமீலாவிடம்தான்.

கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை ஜமீலா என் காகிதத்தைத் தொடவே இல்லை. பிறகு ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள்.

“போன வாரம் ஒரு பொண்ணு வந்துச்சுங்கக்கா. மோகனாகூட காலேஜ்ல படிச்சுதாமா. பேர் சொல்லல. இதை உங்ககிட்ட மட்டும் குடுக்கச் சொல்லிட்டுப் போயிருச்சு.”

ஒரு மின்னஞ்சல் முகவரி. மோகனாவின் எழுத்தேதான். ஆங்கில ‘ஜி’ எழுத்தின் வாலை அவள் இழுக்கிற இழுப்பு எனக்குத் தெரியாதா?

“இங்க அழுதுராதீங்கக்கா” என்றாள் ஜமீலா. “தெருவுல போறவிய எல்லாம் பாப்பாங்க.”

நான் அழவில்லை. பட்டா நகல் நான்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

மஞ்சள் வேகவைக்கிறார்கள். ஆட்களுக்குக் காலையிலும் மதியமும் சமையல். இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்லி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆரோக்கியராஜோடு அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தி வந்த அன்று, இவர் கிணற்றடியில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினார். எனக்கும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நானும் ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று எனக்கு ஒரு முகவரி உண்டானது.

ஜமீலா கடையின் உள்அறையில் உட்கார வைத்தாள். பெயர் கேட்டது, கொடுத்தோம். பிறந்த தேதி கேட்டது, கொடுத்தோம். அப்புறம் போன் நம்பர் கேட்டது.

“என்ற நம்பர் வாண்டாம் ஜமீலா” என்றேன். என் போனுக்கு எது வந்தாலும் அவருடைய போனுக்கும் ஒரு பிரதி போகும்படி நவீன் செய்து வைத்திருக்கிறான். நவீன் அவருடைய தம்பி மகன்.

“என்ற நம்பரும் ஆவாதுங்கக்கா. கடைக்கு வாறவியளுக்கெல்லாம் அதுலயே போட்டுக் குடுத்துட்டேன். இனி அது ஏத்துக்காது.” கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். “ஒரு வழி இருக்குது. இன்டர்நெட்லயே நம்பர் வாடகைக்குக் கெடைக்கும். சிம்மும் கெடையாது, போனும் கெடையாது. வெறும் நம்பர். அதுக்கு வர்ற மெசேஜ் இந்தத் திரையிலயே தெரியும்.”

“யாரோட நம்பரு அது?”

“யாரோடதும் இல்லீங்க. இப்போதைக்கு உங்களுது.”

ஓசியில் கிடைக்கிற நம்பர்களும் உண்டாம். ஆனால் அவற்றுக்கு வருகிற செய்தியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். அது வேண்டாம் என்று ஜமீலாவே சொல்லி, வேறொன்று எடுத்தாள். பின்லாந்து என்று ஒரு நாடு, அதன் நம்பர். குளிர் தாங்காத ஊராம். மஞ்சள் வேகும் புகையில் நின்று வந்த எனக்கு அங்கே ஒரு நம்பர்!

கொஞ்ச நேரத்தில் ஆறு இலக்கம் திரையில் வந்தது. ஜமீலா படித்தாள், நான் ஒவ்வொன்றாக அமுக்கினேன். ஏற்றுக்கொண்டது. வேறு எதையும் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் யார், எந்த ஊர், எதற்காக என்று எதுவும் இல்லை.

தமிழ் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தேன். “மோனி, அம்மா. நல்லாயிருக்கியா கண்ணு. சாப்புட்டியா.” அதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 12, புதன்

சோறு குழைந்துவிட்டது. இடது தோளைத் தூக்க முடியவில்லை, மாவு வழிக்கும்போது பிடித்துக்கொண்டது.

மார்ச் 18, செவ்வாய்

பதில் வந்திருக்கிறது. ஆனால் பாசமாக ஒரு வார்த்தை இல்லை, மூன்று கேள்விகள் மட்டும்.

“நீ அம்மாதான்னா இதுக்குப் பதில் சொல்லு. என் முழங்கால் தழும்பு எப்படி வந்தது? நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பின அன்னிக்கு, யாருக்கும் தெரியாம என் பையில நீ என்ன வெச்சே? தாத்தா செத்த அன்னிக்கு நாம ரெண்டு பேரும் எதுக்காகச் சமையல்கட்டுக்குள்ள ஓடினோம்?”

முதலாவது, கரும்பு வண்டியில் தொங்கி விழுந்தது. இரண்டாவது, என் தாலிக்கொடியில் கோத்திருந்த காசு ஒன்று. மூன்றாவதை அடிக்கும்போது எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. குடித்துவிட்டு வந்த பங்காளி ஒருவர் மாலையைக் கொண்டுபோய், பிணத்துக்குப் பக்கத்தில் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பா மேல் போட்டு ஓவென்று அழுதார். சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். நானும் மோகனாவும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினோம்.

ஜமீலாவும் சிரித்தாள். “அக்கா, நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல” என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

“அம்மா” என்று ஆரம்பித்து நீளமாக எழுதியிருக்கிறாள். ஜமீலா வெளியே போய் நின்றுகொண்டாள், நான் தனியாகப் படிக்கட்டும் என்று.

ஆறு மாதமாம்! காலையில் எது சாப்பிட்டாலும் இன்னும் குமட்டுகிறதாம். ஆரோக்கியராஜ் ரசம் வைக்கப் பழகிவிட்டானாம், வாயில் வைக்க முடியாதாம். எந்த ஊர் என்று கேட்காதேம்மா என்று எழுதியிருந்தாள். நான் கேட்கவில்லை.

அவள் பயப்படுவதில் தப்பில்லை. போன வருஷம் நவீன் என் பெயரில் அவளுக்குச் செய்தி அனுப்பினான். எனக்கு நெஞ்சுவலி என்றும், கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டுப் போ என்றும். மோகனாவும் ஆரோக்கியராஜும் சத்தியமங்கலம் வரைக்கும் வந்துவிட்டார்கள். பேருந்தைவிட்டு இறங்குகிற நேரத்தில் நவீனின் கார் நிற்பதை மோகனா பார்த்துவிட்டாள். காருக்குள் அவரும் இருந்தார். இறங்கின பேருந்திலேயே திரும்ப ஏறிக் கதவை மூடச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். கண்டக்டர் நல்ல மனுஷன்.

எனக்கு இது எதுவும் அன்று தெரியாது, இந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. அன்று இரவு அவர் ஏன் அப்படி வந்தார் என்பதும் இப்போதுதான் புரிந்தது.

கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: “இந்த முகவரியிலிருந்து மட்டும் எழுதும்மா. வேற எதிலிருந்து வந்தாலும் நீ அவங்க கையில மாட்டிக்கிட்டேன்னு நெனச்சுக்குவேன். பதில் போட மாட்டேன்.”

சரி கண்ணு என்று எழுதினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கோயிலுக்குப் போகவில்லை. குளியலறையில் வழுக்கிவிட்டது. அவரே போய்த் தைலம் வாங்கி வந்தார். தேய்த்தும் விட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

போன வாரம் ஏன் எழுதவில்லை என்று இரண்டு கடிதம் போட்டிருக்கிறாள். ஊரில் ஒரு கல்யாணம் என்று எழுதினேன்.

“யார் கல்யாணம்மா?” என்று உடனே வந்தது. அவளும் அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாள்! எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டோம். வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னேன். மல்லாந்து படுக்காதே என்றேன். குழந்தை உதைப்பதைச் சொன்னாள்.

“அம்மா, நீ இங்க வந்துடறியா?” என்று கேட்டாள்.

மஞ்சள் ஏலத்துக்குப் போக வேண்டும், ஆட்கள் இல்லை என்று எழுதினேன். “சரிம்மா” என்று மட்டும் வந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவள் வயிற்றோடு நிற்கிற படம் ஒன்று அனுப்பியிருக்கிறாள். முகம் தெரியாது, கழுத்துக்குக் கீழேதான். பின்னால் வெறும் சுவர். அவள் கையில் நான் போட்டுவிட்ட வளையல் இல்லை, கண்ணாடி வளையல் இருக்கிறது. அந்தக் கிறிஸ்தவ வீட்டிலும் வளைகாப்பு போட்டிருக்கிறார்கள் போல. மாமியார் நல்லவளாக இருக்கட்டும்.

படத்தைப் பிரிண்ட் எடுத்துத் தரட்டுமா என்று ஜமீலா கேட்டாள். எங்கே வைப்பேன்? வேண்டாம் என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இடுப்பு வலிக்கிறதாம். எட்டாம் மாதத்தில் அப்படித்தான் என்று எழுதினேன். பயமாக இருக்கிறதும்மா என்றாள். என்ன எழுதினாலும் அந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஆகுமா!

மே 6, செவ்வாய்

நேற்று கோடை மழை, நல்ல இடி. ஜமீலா கடையில் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. இன்னொன்று வாங்கி வருகிறேன், அடுத்த வாரம் வாங்க அக்கா என்றாள். அவர் என்னை ஏன் இன்று சீக்கிரம் வந்துவிட்டாய் என்று கேட்டார்.

மே 13, செவ்வாய்

புது கம்ப்யூட்டரில் முகவரியும் கடவுச்சொல்லும் சரியாகப் போட்டேன். திறக்கவில்லை. இது பழக்கமில்லாத கம்ப்யூட்டர், நீங்கள்தானா என்று உறுதி செய்ய உங்கள் நம்பருக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டியது.

ஜமீலாவின் முகம் வெளுத்துவிட்டது.

“அந்த நம்பர் அன்னிக்கு மட்டுந்தானுங்கக்கா நம்மளுது” என்றாள்.

“இப்ப யாரோடது?”

“தெரியலீங்க.”

“அந்த ஆளைக் கேட்டா குறியீட்டைச் சொல்ல மாட்டாங்களா?”

“ஆளே இருக்காதுங்கக்கா. இருந்தாலும் நமக்கு எப்படித் தெரியும்?”

மறுபடி வாடகைக்கு எடுக்கப் பார்த்தாள். பின்லாந்து நம்பர்கள் நிறைய வந்தன. எங்களுடையது மட்டும் இல்லை. கடவுச்சொல் மறந்துபோச்சு என்கிற வழியாகவும் முயன்றாள். அதுவும் சுற்றிச் சுற்றி அந்த நம்பருக்கே வந்து நின்றது.

“கடவுச்சொல்தான் சரியாப் போட்டேனே. நான்தான்னு அதுக்குத் தெரியாதா?” என்றேன்.

ஜமீலா கண்ணைத் துடைத்தாள். “ரெண்டாவதா இன்னொரு முகவரியும் கொடுத்து வெச்சிருக்கோணும். என்ற முகவரியைக் குடுத்தா நாளைக்கு உங்கூட்டுக்காரர் கடைக்கு வந்து நிப்பாரோன்னு பயந்துட்டேன். என்னை மன்னிச்சுருங்கக்கா.”

அவளை என்ன சொல்ல? அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

மே 14, புதன்

அந்தப் பெட்டிக்குள் அவள் கடிதங்கள் வந்து விழுந்துகொண்டிருக்கும். வலி எடுக்கிறது என்றுகூட எழுதியிருப்பாள்.

மே 20, செவ்வாய்

வேறு வழியில்லை. ஜமீலா இன்னொரு நம்பர் எடுத்தாள், இந்தமுறை மாதக்கணக்கில் நம் கையிலேயே இருக்கிற மாதிரி. புது முகவரி. அதிலிருந்து எழுதினேன். பழையது ஏன் திறக்கவில்லை என்பதை ஜமீலாவே விளக்கமாக அடித்துக் கொடுத்தாள். நம்புவாளா?

அவள் கேட்காமலே எல்லாம் எழுதினேன். கரும்பு வண்டி, தாலிக்காசு, தாத்தா. அவள் கேட்காத இன்னும் சிலதும். அவளுக்கு மூன்று வயதில் அம்மை போட்டபோது வேப்பிலைப் படுக்கையில் கிடந்துகொண்டு யானை பொம்மை கேட்டது. முதல் தடவை தூரமாகி ரத்தம் பார்த்தபோது செத்துவிடுவேனா என்று கேட்டது. இவையெல்லாம் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தவை.

மே 27, செவ்வாய்

பதில் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

இல்லை. மறுபடி எழுதினேன். “மோனி, நம்பு கண்ணு, அம்மாதான்.” எழுதிவிட்டுப் பார்த்தால், நவீன் எழுதினாலும் இப்படித்தானே எழுதுவான் என்று தோன்றியது.

ஜூன் 10, செவ்வாய்

இல்லை. வீட்டில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்து இரண்டு நாளாக அலைச்சல். கண்ணுக்குக் கீழே வீங்கியிருப்பதைப் பார்த்துத் தண்ணீர் விடுகிறவர் என்ன அம்மா என்றார். தேனீ என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

பதில் வந்தது. அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். இனி அதைத் திறந்து பார்க்க முடியுமோ என்னவோ.

“அப்பாவுக்கு. இதை எழுதறது நீங்களோ நவீனோதான்னு எனக்குத் தெரியும். அம்மா எழுதற மாதிரியே இருக்கு. அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சதெல்லாம் இருக்கு. அதை அவகிட்ட இருந்து எப்படி வாங்கியிருப்பீங்கன்னும் தெரியும். சின்ன வயசுல கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டவதானே நான்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பொண்ணு பொறந்தது. அம்மா உயிரோட இருந்தா அதை மட்டும் அவகிட்ட சொல்லுங்க. பேர் சொல்ல மாட்டேன். ஊர் சொல்ல மாட்டேன். இந்த முகவரியை இன்னிக்கோட எடுத்துடறேன். இனிமேல் எழுதாதீங்க.

அவளை அடிக்காதீங்கப்பா. மோகனப்பிரியா.”

ஜமீலா தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் அழுதாள் என்று நினைத்தேன், பிறகு பார்த்தால் சத்தம் என்னிடமிருந்து வருகிறது. கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உடனே அடித்தேன்: “மோனி நான் உயிரோடத்தான் இருக்கறேன்.” அனுப்பினேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது.

ஜூன் 18, புதன்

நாட்டுக்கோழி அடிக்கச் சொன்னேன். பூண்டும் மிளகும் நிறையத் தட்டிப் போட்டு, நல்லெண்ணெயில் சுருளச் சுருள வறுத்தேன். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பக்குவம். எனக்கு என் அம்மா வைத்துக் கொடுத்தது.

அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். “இன்னிக்கு என்ன விசேஷம்?” என்று கேட்டார்.

“சும்மாதானுங்க” என்றேன்.

ஜூன் 21, சனி

நான் அந்தக் கடையில் உட்கார்ந்து அழுததை யாரோ பார்த்துவிட்டு நவீனிடம் சொல்லியிருக்கிறார்கள். நவீன் சாயந்தரம் வந்தான். அவரும் அவனும் களத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எழுதுவதை நிறுத்துகிறேன்.

ஜூலை 2, புதன்

டைரி வீட்டில் இருக்கிறது. இது ஜமீலா கொண்டுவந்து கொடுத்த தாள். அரசு மருத்துவமனை, பெண்கள் வார்டு. இடது கை மாவுக்கட்டில் இருக்கிறது, வலது கையால் எழுத முடிகிறது.

அன்று நவீன் போன பிறகு அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“அந்த சாயபு பொம்பளை கடையில உனக்கு என்னடி வேலை?”

ஜெராக்ஸ் என்றேன். மறுபடி கேட்டார். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது.

“உங்களுக்குப் பேத்தி பொறந்திருக்கறாளுங்க.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். “பொண்ணா?” என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவர் குரல் வேறுமாதிரி இருந்தது. மோகனா பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதே மாதிரிதான் கேட்டார். முப்பது வருஷம் ஒன்றாக இருந்தவள், எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

அப்புறம், “எந்தூர்ல இருக்கறா?” என்றார்.

“தெரியாதுங்க.”

பெல்ட்டை எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது. கை முறிந்த பிறகு அவரே காரில் போட்டுக்கொண்டு வந்தார். மாட்டுத்தொட்டியில் வழுக்கி விழுந்துட்டா என்று டாக்டரிடம் சொன்னார். சின்ன வயது டாக்டரம்மா, மோகனா வயதுதான் இருக்கும். அவரை மருந்து வாங்கி வர அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இப்ப சொல்லுங்கம்மா. எப்படி ஆச்சு?”

“அடிச்சாருங்க” என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த டைரியில்கூட எழுதினதில்லை. சொன்ன பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

போலீஸ் வந்தது. அவரை அழைத்துப் போனார்கள், விட்டார்கள், மறுபடி அழைத்தார்கள் என்கிறார்கள். ஜமீலாவைக் கடையில் போய் நவீன் மிரட்டியிருக்கிறான். அவள் பயந்தாளே தவிர இங்கே வருவதை நிறுத்தவில்லை. கட்டு பிரிக்கும்வரை பவானியில் அவள் நாத்தனார் வீட்டில் இருக்கச் சொல்கிறாள். போகிறேன். அந்த வீட்டுக்கு இனி போகப்போவதில்லை.

இன்று காலை வந்த போலீஸ்காரம்மா, “உங்க பொண்ணுக்குத் தகவல் சொல்லோணுமுங்களே, எங்க இருக்கறாங்க?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க” என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு என் வீட்டுக்காரரும் திரும்பத் திரும்ப அந்த ஒன்றைத்தான் கேட்டார். முதலில் தெரியாது என்றேன். அடுத்து அம்மன் மேல் சத்தியமாகத் தெரியாது என்றேன். கை முறிந்தபோது ஏதாவது ஒரு ஊர்ப் பெயராவது வாயில் வராதா என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்குத் தெரிந்திருந்தால் அப்போது சொல்லியிருப்பேன்.

என் மகளுக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கிறது.